காப்புக் கட்டிய கூடாரம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், பட்டாளத்திலிருந்து லீவில் வந்த என் அண்ணன் ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கும்போது தோளில் ஒரு பச்சை மூட்டை இருந்தது. கம்பளி, டிரான்சிஸ்டர், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிஸ்கட் டின் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் பல்லைக் காட்டி நின்றேன். மூட்டையை நான்தான் சுமந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே கித்தான், கயிறு, இரும்பு முளைகள்.

“என்னண்ணே இது?”

“டென்ட்டுலே. உதவாது, கண்டம்னு கழிச்சு ஏலத்துல விட்டான். எடுத்துட்டேன்.”

“நமக்கெதுக்கு? வீடுதான் இருக்கே.”

“சாமி கும்பிடக் காட்டுக்குப் போறம்ல. அங்க எங்கலே படுப்ப? மரத்துலயா?”

படுத்தாலும் படுப்பேன், குரங்குகள்தான் ஒத்துக்கொள்ளாது என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய சிரிப்பை மொத்தமாக நானே எடுத்துக்கொண்டேன் என்று அக்கா சொல்வாள்.

காட்டுக்குப் போகிற யோசனை அக்காவினுடையது. தாய் போன பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவள் அவள். தனக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும், தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து உரசி ஊற்றியவள். எனக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளை தங்கவில்லை. அக்கா எங்கள் குலசாமியிடம் போய், பிள்ளை பிறந்தால் தாயும் தகப்பனும் பிள்ளையும் காப்புக் கட்டி எல்லைக்குள்ளேயே தங்கி, உத்திரத்தன்று முதல்முடி இறக்குவோம் என்று நேர்ந்துவிட்டு வந்தாள். சாமி கொடுத்துவிட்டது. பையன் பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டான். இனி தவணை சொல்ல முடியாது.

எங்கள் சாமி இருப்பது கான்சாபுரத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், ஓடைக்கரையில். வருஷாவருஷம் உத்திரத்தன்று காலையில் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு இருட்டுமுன் ஊர் திரும்பிவிடுவோம். தங்குவது என்ற பேச்சே கிடையாது. காப்புக் கட்டினால் கதை வேறு. மஞ்சள் நூலை மணிக்கட்டில் முடிந்த பிறகு பூசை முடியும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் வேலியோ கேட்டோ இல்லை. ஓடை ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கும். அவ்வளவுதான்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு டெம்போவில் கிளம்பினோம். நான், என் மனைவி, பையன், அண்ணன், அக்கா. பாத்திரம், அரிசி மூட்டை, விறகு, இவற்றுக்கு நடுவில் பட்டாளத்துக் கூடாரம். என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அதிகம் பேசமாட்டாள். நான் அவள் பங்கையும் சேர்த்துப் பேசுவதால் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம். வண்டி குலுங்கும்போதெல்லாம் பையனின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தாள்.

கூடாரம் அடிப்பதற்குள் எனக்குப் பட்டாளத்தில் சேர்ந்த களைப்பு வந்துவிட்டது. அண்ணன் கட்டளை போடுவான், நான் முளை அடிக்க வேண்டும். ஓடைக்கரை முழுக்கப் பாறை. நான் அடித்த முளை ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக வளைந்தது.

“நீயெல்லாம் மில்லுல என்னத்தலே பிட்டர் வேலை பாக்க?”

“அங்க இரும்பத்தான்ணே அடிப்போம். மலைய அடிக்கச் சொல்ல மாட்டாக.”

தூக்கி நிறுத்திய பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். இட்லிக் கொப்பரைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அண்ணனுக்கு மட்டும் அது மாளிகை. மண்வெட்டியை எடுத்து ஓடைக்குத் தள்ளி ஒரு குழி தோண்டி, எல்லாரும் காலைக்கடனை இங்கேதான் முடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். பையனின் தொட்டிலைக் கூடாரக் கம்பத்தில் கட்டலாமா என்று கேட்டேன். அவன் பார்த்த பார்வையில் சேலையைச் சுருட்டிக்கொண்டு போய் மருத மரக்கிளையில் கட்டினேன்.

பூசாரி வந்து மூன்று பேருக்கும் காப்புக் கட்டினார். பையனுக்குக் கட்டும்போது அவன் நூலை வாயில் வைத்துச் சப்பினான். அவர் கல்லைக் காட்டி, “இதுக்கு அந்தப்பக்கம் உத்திரம் முடிஞ்சுதான். தண்ணி எடுக்கக்கூடத் தாண்டாதீக,” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். டெம்போவும் போய்விட்டது. என் மாமனார் வீட்டு ஆட்களோடு உத்திரத்தன்றுதான் அது திரும்பி வரும்.

அன்று சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது. மலையிலிருந்து காற்று இறங்கியது. பையன் கல்லுக்கு இந்தப்பக்கம் ஓடை மணலில் தவழ்ந்தான். ஒரு கூழாங்கல்லை வாய்க்குள் கொண்டுபோனான், பிடுங்கினோம். இன்னொன்றை எடுத்தான். அக்கா சோறு பொங்கினாள். எங்கள் குடும்பம் வீட்டுக்கு வெளியே படுத்த முதல் ராத்திரி என்பதால் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அண்ணனின் குறட்டைக்குப் பயந்து காட்டில் எந்த மிருகமும் எங்கள் பக்கம் வரவில்லை என்பதுதான் விசேஷம்.

விடிந்ததும் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

ஒருதரம், இருதரம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். தண்ணீராகப் போனது. இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். தவழ்ந்துகொண்டிருந்தவன் மடியை விட்டு இறங்க மறுத்தான். ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தோம். புட்டிப்பாலுக்கு ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் கலந்ததுதான் என்றாள் என் மனைவி. மணலைத் தின்றிருப்பான் என்றான் அண்ணன். டெம்போவில் வரும்போது வழியில் எவளோ பிள்ளையை உற்றுப் பார்த்தாள் என்றாள் அக்கா. அந்த வட்டாரத்திலேயே அழகான பிள்ளை, யார்தான் பார்க்கமாட்டார்கள், தகப்பன் சாடை அப்படி என்றேன் நான். ஒருவரும் சட்டை செய்யவில்லை.

அக்கா உரைகல்லை எடுத்து ஜாதிக்காயும் மாசிக்காயும் உரசினாள். விரலால் பையனின் நாக்கில் தடவினாள்.

“ஏட்டி, பிள்ளைக்கு இனிமே தண்ணி கிண்ணி ஒண்ணும் குடுக்காத.”

“மதினி, நாக்கெல்லாம் வறண்டுபோய்க் கெடக்கு. செத்தோண்டு நனைச்சுக்கிடட்டுமே.”

“உள்ள போறது அம்புட்டும் அப்படியே வெளிய வருது. உள்ள விட்டாத்தானட்டி வெளிய வரும்? வயித்தக் காயப்போட்டா தன்னால நிக்கும்.”

நான் மில்லில் பிட்டர். பைப் ஒழுகினால் முதலில் வால்வை மூடுவோம், பிறகுதான் மற்ற வேலை. அக்கா சொன்னது அச்சு அசலாக என் தொழில் மாதிரியே இருந்தது. தலையை ஆட்டினேன். பிள்ளை வேறு பைப் வேறு என்று ஐ.டி.ஐ.யில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு இதைத்தான் எல்லாரும் செய்தார்கள். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள்.

“அப்ப பாலாவது குடுக்கேன், மதினி,” என்றாள் என் மனைவி.

“நேத்துப் பூரா வெயில்ல வந்துருக்க. சூட்டுப்பாலு. அதக் குடிச்சான்னா இன்னும் பேதியாகும். பீச்சிக் கீழ விட்டுட்டு வா.”

என் மனைவி கூடாரத்துக்குப் பின்னால் போனாள். செத்த நேரம் கழித்து நான் ஏதோ எடுக்கப் போனபோது, கித்தானின் நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பாறையில் பால் சிந்தியிருந்தது. எறும்புகள் வந்துவிட்டன. கூடாரத்துக்குள்ளிருந்து பையனின் அழுகை கேட்டது. அந்த அழுகைக்கே அவளுக்குப் பால் ஊறியிருக்கும். அவளும் அழுதுகொண்டிருந்தாளா என்று நான் பார்க்கவில்லை. ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்து, ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டேன். எனக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

மத்தியானம் வெயில் ஏறியது. கூடாரத்துக்குள் இருக்க முடியாமல் மருத மரத்தடிக்கு வந்தோம். பையன் அழுவதை நிறுத்தினான். கண் பாதி மூடி, பாதி திறந்து கிடந்தான்.

“பாத்தியா, மருந்து கேக்குது. போறதும் நின்னுருச்சு. தூங்கி எந்திரிச்சான்னா சரியாப் போயிரும்,” என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சோறு தின்னவில்லை. எனக்கும் நிம்மதிதான். அண்ணன் கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டப் போனான்.

என் மனைவி மட்டும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தினமும் குளிப்பாட்டி உச்சியில் எண்ணெய் வைக்கிறவள் அவள். அந்த இடம் அவள் விரலுக்கு மனப்பாடம். என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தாள்.

“அமுத்தாதீங்க. சும்மா வச்சுப் பாருங்க.”

வைத்தேன். உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. என் கட்டைவிரல் அதில் பாந்தமாக உட்கார்ந்தது. உட்காரக் கூடாத இடம் அது.

“காலையில இப்படி இல்ல,” என்றாள். “இன்னொண்ணு பாத்தீகளா? கடைசியா அழுதான்ல, அப்ப கண்ணுல தண்ணி வரல. வாய் மட்டுந்தான் அழுதுச்சு. இவன் தூங்கலங்க.”

பையனின் வயிற்றுத் தோலைக் கிள்ளினாள். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது. துவைத்துப் போட்ட பழைய வேட்டி மாதிரி.

அவள் எழுந்தாள். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டாள். ஓடையை நோக்கி நடந்தாள். அக்காவுக்குச் செத்த நேரம் கழித்துத்தான் புரிந்தது.

“ஏட்டி! எங்கட்டி போற?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ஆஸ்பத்திரிக்கு.”

அண்ணன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து கல்லுக்கு முன்னால் நின்றான். எல்லையைக் காக்கிறதுதானே அவன் உத்தியோகம். ஆனால் அவன் குரல் உத்தரவு போடுகிற குரலாக இல்லை.

“தாயி, நான் சொல்றதக் கேளு. விடிஞ்சா உத்திரம். ஒரு ராத்திரி பொறு. விடியவும் வண்டி வந்துரும், நானே தூக்கிட்டு ஓடுறேன். காப்போட இதத் தாண்டக் கூடாது. நம்ம பாட்டனாருக்குப் பாட்டனார் ஒருத்தர் தாண்டி, ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு. தெரியும்ல?”

“தெரியும் பெரியத்தான். அவருக்குக் கண்ணுதான போச்சு? உசுரோடதான இருந்தாரு?”

அண்ணன் ஒரு எட்டு விலகினான். அவள் இடது கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காப்பைப் பல்லால் கடித்தாள். மஞ்சள் நூல் சீக்கிரம் அறாது. இரண்டு மூன்று தடவை கடித்து இழுத்தாள். பிறகு பிள்ளையின் கையைத் தூக்கி அவன் நூலையும் கடித்தாள். பையன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு நூலையும் கல்லின்மேல் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க வாரீகளா, இருக்கீகளா?”

ஒரு பக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மறுபக்கம் மனைவி கல்லைத் தாண்டியாயிற்று. நான் என் காப்பை அவிழ்க்கப் பார்த்தேன். பூசாரி போட்ட முடிச்சு, வியர்வையில் நனைந்து இறுகிவிட்டது. ஆயிரம் போல்ட் கழற்றிய கை, ஒரு நூலைக் கழற்ற முடியவில்லை. கடிக்கலாம் என்றால் எனக்கு முன்பல்லில் ஒன்று ஆட்டம். அவள் அதற்குள் மாந்தோப்புத் திருப்பத்துக்குப் போய்விட்டாள். காப்போடே தாண்டி ஓடினேன். சாமிக்கு எங்கள் வம்சத்தில் அடுத்த கண் வேண்டுமானால் என்னுடையதை எடுத்துக்கொள்ளட்டும். எப்படியும் கண்ணாடி போட்ட கண்.

கான்சாபுரத்துக்குப் பாதி வழியில், மொபெட்டில் காலிப் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். நான் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தார். உடனே கேன்களை அவிழ்த்து ரோட்டோரம் வைத்தார்.

“ஏறுங்க தாயி. இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. அண்ணாச்சி, நீங்க பஸ்ஸுல வாங்க.”

அவர்கள் போய்விட்டார்கள். புழுதி அடங்கியது. ரோட்டில் நானும் பால்கேன்களும் மட்டும் நின்றோம். என் தோளில் பிள்ளையின் பை. அதற்குள் மிச்சம் புட்டிப்பால் குலுங்கிக்கொண்டிருந்தது.

பஸ் வந்தபோது என் கைக்காப்பைக் கண்டக்டர் பார்த்தார். மரியாதையாக ஒருவரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார்.

“சாமிகிட்டயா போறீக?”

“இல்ல. அங்க இருந்துதான் வாரேன்.”

ஊருக்கு ஊர் பஸ் நின்றது. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதப்போவதில்லை. வாழ்க்கையில் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போன பஸ் பயணம் அது ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் கும்பிடக் கை போனது. அதற்குக்கூடத் தைரியம் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வார்டில் என் மனைவி கட்டில் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். பையனின் கையிலும் காலிலும் நரம்பு தேடிக் குத்திய இடங்களில் பஞ்சு ஒட்டியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையிலிருந்து அவன் போனதையெல்லாம் எண்ணினோமே தவிர, இதை யாரும் கவனிக்கவில்லை.

“தண்ணி குடுத்தீங்களா?”

“இல்ல சார். நிறுத்திட்டோம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எல்லாரும் இதையேதான் செய்யுறீங்க,” என்று சொல்லி அடுத்த கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். அங்கே ஒரு பெண் குழந்தை. எங்கள் பையனைவிடச் சின்னது. தலைமாட்டில் பாட்டில் தொங்கியது. தாய்க்கு இருபது வயசுகூட இருக்காது. ஆலங்குளம் பக்கம் கல்குவாரியில் புருஷன், பெண்சாதி இரண்டு பேருக்கும் வேலை. எங்களுக்கு முந்தைய நாளே வந்தவர்கள். அவர்களும் வால்வை மூடித்தான் வைத்திருக்கிறார்கள்.

“கையில நரம்பே சிக்கல. தலையிலதான் போடணும். முடிய எடுக்கணும், பிடிச்சுக்கோங்க,” என்றார் நர்ஸம்மா. கையில் பிளேடு.

“சாமிக்கு நேந்த முதல்முடி, சிஸ்டர்,” என்றேன். மறுப்பதற்காகச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

“சாமி வந்து கேட்டா, நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க.”

தலையை நான்தான் பிடித்தேன். காதுக்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வழித்தார். முடி என் வேட்டியில் விழுந்தது. ஊசி ஏறும்போது பையன் முனகினான். அழக்கூட அவனிடம் சரக்கு இல்லை. பாட்டிலில் முதல் சொட்டு இறங்கியதும் நர்ஸம்மா எங்கள் இருவரிடமும், பக்கத்துக் கட்டில்காரியிடமும் பொதுவாகச் சொன்னார்: “ஒண்ணுக்குப் போனா உடனே வந்து சொல்லுங்க. அதுதான் நல்ல சேதி.”

அதன்பிறகு அந்த இரண்டு கட்டிலுக்கும் வேறு வேலை இல்லை. இரண்டு தாய்களும் பிள்ளைகளுக்கு அடியில் கையை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தலையாட்டிக்கொள்வார்கள். மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள். விளக்கு ஏற்றியபோதும் அதே. விடிந்தபோதும் அதே.

உத்திரத்தன்று காலையில் அண்ணன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கூடாரம் என்னாச்சு என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“கெடக்குது. விடுலே.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா வர மாட்டேங்கா. நீங்க போனதுல இருந்து அந்தக் கல்லுகிட்டயே உக்காந்திருக்கா. அறுத்துப்போட்டீகள்ல, அந்த ரெண்டு நூலையும் எடுத்து முடிபோட்டு அவ கையில கட்டிக்கிட்டா. வாரது எதுன்னாலும் என் தலையில வரட்டும்ங்கா. பச்சத்தண்ணி குடிக்கலடா. பிள்ளைக்குக் குடுக்காத தண்ணி எனக்கெதுக்குங்கா. நான் என்னன்னுடா போய்ச் சொல்லட்டும்?”

உள்ளே கட்டில் பக்கம் கை காட்டினேன்.

அந்த நேரத்தில்தான் உள்ளே என் மனைவி “ஏங்க” என்றாள். சத்தமாகக்கூட இல்லை. ஓடினேன். பையனுக்கு அடியில் விட்ட கையை அவள் எடுக்கவில்லை. என் கையையும் பிடித்து உள்ளே வைத்தாள். துணி சூடாக, ஈரமாக இருந்தது. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற ஒரு பாலாடை அளவுகூட இருக்காது. நான் என் கையை முகர்ந்து பார்த்தேன். வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது அல்லவா. அதேதான்.

வாயைத் திறந்து கத்தியிருப்பேன். என் மனைவி என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். பக்கத்துக் கட்டில்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அவள் குழந்தைக்கு அடியில் இருந்தது.

“போய்ட்டானாக்கா?” என்று கேட்டாள்.

என் மனைவி தலையை மட்டும் அசைத்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து எங்கள் பையனின் துணியைத் தொட்டாள். விரலில் ஈரம் பட்டதும் அப்படியே வைத்திருந்தாள்.

“எம்புட்டுப் போயிருக்கான்,” என்றாள். அவள் முகத்தில் பொறாமை இல்லை. பெரிய மழையைப் பார்த்த மாதிரி பார்த்தாள். பிறகு, “அக்கா, இந்தத் துணிய நான் செத்த நேரம் வச்சுக்கிடவா? பிள்ளைக்கிட்ட வச்சுட்டுத் தாரேன்,” என்றாள்.

என் மனைவி துணியை உருவிக் கொடுத்தாள். அவள் அதை மடித்துத் தன் குழந்தையின் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். நான் நர்ஸம்மாவிடம் சேதி சொல்ல வராந்தாவுக்குப் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று, முகத்தைத் துண்டால் மூடியிருந்தான். “போய்ச் சொல்லு,” என்றேன். “சொல்லிட்டு அவளுக்கு முதல்ல தண்ணி குடு.” அவன் ஓடினான். பட்டாளத்துக்காரன் அப்படி ஓடி அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானத்துக்குமேல் பையன் கண்ணைத் திறந்தான். கரண்டியால் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். என் மனைவி கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். அவன் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் கேட்டான்.

பக்கத்துக் கட்டிலைச் சுற்றி டாக்டரும் நர்ஸம்மாவும் நின்றார்கள். செத்த நேரத்தில் தலைமாட்டுப் பாட்டிலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெரிய அழுகை எழவில்லை. பிள்ளை செத்தது தெரிந்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று யாரோ அந்தத் தகப்பனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் குழந்தையைத் துண்டில் சுற்றி, தூங்குகிற பிள்ளையை எடுத்துப்போகிறவன் மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினான். அவள் பையில் சாமான்களை அள்ளிப் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி எங்கள் கட்டிலுக்கு வந்தாள். மடித்த துணியை என் மனைவியிடம் நீட்டினாள்.

“காஞ்சுருச்சுக்கா,” என்றாள்.

என் மனைவி அதை வாங்கிப் பையனுக்கு அடியில் விரித்தாள். அந்தப் பெண் வராந்தாவைத் தாண்டிப் போகும்வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பையன் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியை அவன் மறுபடி நனைத்தான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.